இரண்டாம் வாசகர் இல்லாத மொழி

சியாமளா ஆனந்தகிருஷ்ணனின் வேலை, வேண்டாத கட்டுரைகளைக் கழிப்பது. மொன்றியல் நகர மையத்தில் ஒரு மருத்துவ ஆய்வுப் பிரிவில் பதினாறு வருடங்களாக அதைச் செய்து வந்தார். ஏதாவது ஒரு மருந்தைப் பற்றி உலகம் முழுவதும் வெளியான கட்டுரைகளைத் திரட்டி, சலித்து, எந்த அளவு கொடுத்தால் பாதுகாப்பு என்று அறிக்கை எழுதுவது அந்தப் பிரிவின் பிழைப்பு. முதல் சல்லடை சியாமளா. திரையில் ஒரு தலைப்பும் சுருக்கமும் வரும். வைத்துக்கொள்ள ஒரு விசை, கழிக்க ஒரு விசை. கழித்தால் காரணம் சொல்ல வேண்டும். மனிதர்களிடம் செய்யாத சோதனை, பொருந்தாத நோய், மொழி. கெட்டிக்காரர்கள் ஒரு நாளைக்கு எண்ணூறு பார்ப்பார்கள். சியாமளா ஆயிரத்தைத் தொட்டவர்.

"மொழி" என்ற காரணம் ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத எல்லாவற்றுக்கும். அந்தக் குவியலில் என்ன இருக்கிறது என்று அலுவலகத்தில் அவர் ஒருவருக்கே ஓரளவு தெரியும். ஸ்பானிஷை எழுத்துக்கூட்டிப் படிப்பார். போர்ச்சுகீஸ் மொழியைத் தமிழைப் போலவே படிப்பார்.

அது வந்த வழி இது. சென்னையில் விலங்கியல் படித்தவர். கணவர் ஆனந்தகிருஷ்ணன் சர்க்கரை ஆலைப் பொறியாளர். 1992இல் பிரேசிலின் வடகிழக்கில், ரெசிபெ நகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், கரும்புக்கு நடுவில் இருந்த ஓர் ஊருக்கு வேலை கிடைத்துப் போனார்கள். ஒன்பது வருடம் இருந்தார்கள். அந்த ஊர்க் குளங்களில் நத்தை இருந்தது. நத்தையிலிருந்து புழு மனித உடம்புக்குள் போனது. அதை ஆராய ஒரு சின்ன மையம், இரண்டு அறைகள். சியாமளா முதலில் நத்தை எண்ணப் போனார். பிறகு நோயாளிகளின் குறிப்பேட்டை எழுதினார். பிறகு முதுகலை ஆய்வையே போர்ச்சுகீஸில் எழுதி முடித்தார்.

2001இல் மொன்றியலுக்கு வந்தபோது அந்தப் பட்டத்தை மதிப்பிட ஆள் கிடைக்கவில்லை. நேர்காணல்களில் அது என்ன மொழி என்று கேட்டவர்களும் உண்டு. ஒன்பது நாடுகளில் ஆட்சி மொழி, இருபத்தைந்து கோடிப் பேருக்கு மேல் பேசுகிறார்கள், ஏழைகளுக்கு வரும் காய்ச்சலும் புழுவும் பாம்புக்கடியும் அந்த மொழியில்தான் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன என்று அவர் சில வருடங்கள் விளக்கினார். பிறகு விட்டுவிட்டார். சனிக்கிழமை சான்-லோரான் தெருவில் பேக்கரிக்காரரிடம் பேச மட்டும் அது பயன்பட்டது. அவர் போர்ச்சுகலின் அசோரெஸ் தீவுக்காரர். சியாமளாவின் வாயில் பிரேசில் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார், ஒரு ரொட்டி கூடப் போடுவார்.

ஒரு தடவை, மொழிக் குவியலை இப்படித் தள்ளுவது சரியா என்று பிரிவின் தலைவர் டாக்டர் செலீனிடம் கேட்டார். செலீன் கியூபெக்காரர், நியாயமானவர், உட்கார வைத்துப் பதில் சொன்னார். ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போனால்தான் அது அறிக்கைக்குள் போகும். போர்ச்சுகீஸுக்கு சியாமளா இருக்கிறார், இரண்டாவது வாசகர் எங்கே? சியாமளாவுக்கும் அது சரியென்றே பட்டது. விதி நல்ல விதி. ஒருவரின் கண் தவறினால் மற்றவரின் கண் பிடிக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பழைய புழு மருந்து பட்டியலில் வந்தது. பிரேசிலில் ஒரு காலத்தில் கொடுத்து, பிறகு கைவிட்ட மருந்து. நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்க்கு அதைப் பயன்படுத்தலாமா என்று ஒரு புதிய யோசனை. மூவாயிரம் தலைப்புகள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், எழுநூறாவதோ என்னவோ, ஒரு தலைப்பு வந்தது. 1998, வட்டார மருத்துவ இதழ், போர்ச்சுகீஸ். ஆசிரியர் பெயர்களைத் திரை மறைத்துவிடும், தெரிந்தவர் என்று சலுகை காட்டக் கூடாது என்பதற்காக. ஆனால் சியாமளாவுக்குத் தலைப்பே போதும். அவர் எழுதிய தலைப்பு அது. ஐந்து பெயர்களில் நான்காவது அவருடையது.

சிரித்துக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னதாகக்கூட நினைவு. பிறகு மொழி என்று அழுத்தினார். அடுத்த தலைப்பு வந்தது.

அந்தக் கட்டுரையில் இருந்தது இதுதான். கல்லீரல் ஏற்கெனவே சற்றுக் கெட்டிருந்த முப்பத்தொரு பேருக்கு அந்த மருந்து இரட்டை அளவில் கொடுக்கப்பட்டது. மூன்றாவது வாரத்தில் ஏழு பேருக்கு மஞ்சள் காமாலை. நான்கு பேர் இறந்தார்கள். இரண்டாவது வாரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏழு பேருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. மையத்தின் தலைமை மருத்துவர் இதை இதழுக்கு அனுப்பியதோடு நிற்கவில்லை. அந்தப் பக்கத்துச் சந்தைகளில் கயிறு கட்டி, செய்யுளில் எழுதிய சின்னப் புத்தகங்களைத் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டு விற்பார்கள். அப்படி எழுதும் பாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து, மருந்து தின்றவன் மூன்றாம் வாரம் கண்ணாடியில் கண்ணைப் பார்க்க வேண்டும், மஞ்சளாக இருந்தால் மாத்திரையை வீசிவிட்டு ஓடி வர வேண்டும் என்று பாட்டுக் கட்டச் சொன்னார். மரவள்ளிக்கிழங்கு விற்பவருக்கும் அது மனப்பாடம். மொன்றியலில் எழுதிய அறிக்கையில் அது இல்லை.

அந்த அறிக்கையை நம்பி நகரத்தின் ஒரு பெரிய மருத்துவமனை மருந்தைச் சோதிக்கத் தொடங்கியது. இந்தப் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை, அங்கிருந்து செலீனுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. தமிழ் நோயாளி ஒருவர் சோதனையில் சேர வருகிறார், வர வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல், உங்களிடம் ஒரு தமிழர் இருக்கிறாரே, சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்ட அனுப்ப முடியுமா? சியாமளா போனார். அங்கே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். படிப்பதை மட்டும் படிப்பேன், ஆலோசனை சொல்ல மாட்டேன், நோயாளியைப் பற்றி வெளியே பேச மாட்டேன்.

நோயாளியின் பெயர் உருத்திரமூர்த்தி. அறுபத்து மூன்று வயது, யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளில் இருபத்திரண்டு வருடம் பெட்டி இறக்கியவர். இப்போது ஒரு மாடி ஏறினால் மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தது. கூட மனைவி புஷ்பவதி. மருத்துவருக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில் புஷ்பவதி ஊர், தெரு, பிள்ளை இல்லாதது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விக்டோரியா அவென்யூவில் மீன்கடைக்கு மேல் இரண்டாம் மாடி. ஒரு நாளைக்குத் தேத்தண்ணி குடிக்க வர வேண்டும் என்று இரண்டு தரம் அழைத்தார்.

படிவம் பத்தொன்பது பக்கம். மருந்துக்குப் பெயர் இல்லை, சில எழுத்துகளும் எண்ணும்தான். ஏழாம் பக்கத்தில், இந்த மருந்து முன்பு புழு நோய்க்குப் பயன்பட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே அளவு, அதே இரட்டை அளவு. அதற்கும் கீழே, இரத்தப் பரிசோதனை இரண்டாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் செய்யப்படும். சியாமளாவின் குரல் நின்றது. மருத்துவமனைப் பெண் நிமிர்ந்து பார்த்தார். சியாமளா தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

படித்து முடித்ததும் உருத்திரமூர்த்தி பேனாவை எடுக்காமல் கேட்டார்.

"தங்கச்சி, நீங்கள் படிச்ச ஆள். உங்கடை அண்ணனெண்டால் இதைக் குடிக்கச் சொல்லுவியளோ?"

"நான் படிச்சுக் காட்டத்தான் வந்திருக்கேன் அண்ணா. டாக்டர்கிட்ட கேளுங்க."

"டொக்டர் ஓமெண்டு தானே சொல்லுவார். அவரின்ரை கடைச் சாமானெல்லோ."

மனைவி சிரித்தார். கணவருக்குக் கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறது, அது பரவாயில்லையா என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னார். சியாமளா கேட்டார். மருத்துவர் வின்சன்ட் கணினியைப் பார்த்து, இரத்த அளவுகள் சரியாக இருக்கின்றன, நம்மிடம் இருக்கும் சான்றுகளில் கல்லீரல் ஆபத்து எதுவும் பதிவாகவில்லை என்றார். அதையும் சியாமளா தமிழில் சொன்னார். உருத்திரமூர்த்தி கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை முதல் மாத்திரை.

மறுநாள் காலை செலீன் வருவதற்கு முன்பே சியாமளா அவர் அறை வாசலில் நின்றார். கழித்த பட்டியலில் அந்தக் கட்டுரை இருந்தது. பக்கத்தில் காரணம் இருந்தது, கழித்தவரின் முதலெழுத்துகள் இருந்தன. செலீன் அதைக் கணினியில் மொழிபெயர்க்கப் போட்டார். ஒரு நிமிடத்தில் பிரெஞ்சில் வந்தது. இரண்டு முறை படித்தார். பிறகு அரை மணி நேரம் யாரையும் அறைக்குள் விடாமல் வின்சன்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார்.

யாரும் அசட்டையாக இருக்கவில்லை, யாரும் மறைக்கவில்லை. எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். வின்சன்ட் செவ்வாய்க்கிழமையே பதில் போட்டார். இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலான பழைய கட்டுரை, நோயாளிகள் சிலரே, வேறு நோய், மேலும் உங்களுடைய சொந்த அறிக்கையிலேயே இப்படி ஒரு ஆபத்து சொல்லப்படவில்லையே. இருந்தாலும் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புகிறேன். குழு ஒரு விஷயம் கேட்டது. கணினி மொழிபெயர்ப்பு ஏற்கப்படாது. சியாமளாவின் மொழிபெயர்ப்பும் ஏற்கப்படாது, அவர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். சான்று பெற்ற வெளியாள் வேண்டும். ரஷேல் தெருவில் ஒருவர் கிடைத்தார். உயில், கல்யாணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் மொழிபெயர்ப்பவர். மருத்துவக் கட்டுரை என்றால் மூன்று வாரம் ஆகும் என்றார். குழுவின் அடுத்த கூட்டம் மார்ச் மாதம்.

சியாமளா காத்திருந்தார். தப்பை ஒப்புக்கொண்டாகிவிட்டது, தாள் சரியான மேசைக்குப் போய்விட்டது, இனி அது நகரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். பதினாறு வருடம் அந்த முறை அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது. அது தப்பைப் பிடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். நோயாளியிடம் நேரே பேசினால் வேலை போகும் என்பதும் தெரியும். ஆனந்தகிருஷ்ணன் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒருநாள் அவரிடம் கேட்டார்.

"நேரா போய் சொல்லிடட்டுமா?"

"என்னன்னு சொல்லுவ? மாத்திரையைத் தூக்கிப் போடுன்னா? நீ டாக்டர் இல்ல, சியாமளா."

"நாலு பேர் செத்ததை எழுதினது நான்தானே."

"குளத்துத் தண்ணியில நின்னவங்க அவங்க. இங்க ஸ்கேனு, பிளட் டெஸ்ட்டு, எல்லாம் இருக்கு. மெயில் போட்டாச்சு, கமிட்டி பாத்துக்கும். கோபம் வந்தா அந்தப் பேக்கரிக்காரன்கிட்ட போய் போர்ச்சுகீஸ்ல திட்டிட்டு வா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சியாமளாவும் அன்றைக்கு அதை ஏற்றுக்கொண்டார்.

மாத்திரை தொடங்கிய பதினேழாம் நாள் ரஷேல் தெருக்காரருக்கு போன் செய்தார். பாதி முடிந்தது என்றார். பதினெட்டாம் நாள் வின்சன்டுக்கு எழுதினார். விடுமுறையில் இருக்கிறேன், அடுத்த வியாழன் திரும்புவேன் என்று இயந்திரம் பதில் போட்டது. பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு மேசையை அப்படியே விட்டுவிட்டு மெட்ரோவில் ஏறினார். கோத்-தெ-நேஜ் பக்கம் பனி கரைந்து நடைபாதை முழுக்கச் சேறு. மீன்கடைக்குப் பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது.

புஷ்பவதிக்கு மகிழ்ச்சி. "ஒரு மாதிரி வந்திட்டியள், அக்கா" என்று சொல்லிக்கொண்டே கேத்தலைப் போட்டார். உருத்திரமூர்த்தி சோபாவில் போர்வையோடு இருந்தார். மூன்று நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, மீன் மணம் மேலே வருவதால் இருக்கும் என்று இருவரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

"ரெண்டாம் கிழமை இரத்தம் பாத்தவை" என்றார் அவர். "எல்லாம் கிளீன். என்ரை ஈரல் இருவது வயசுப் பொடியன்ரை மாதிரியாம்."

சியாமளா அவரை ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொன்னார். கண்ணின் வெள்ளை கடுகெண்ணெய் நிறத்தில் இருந்தது.

"மாத்திரையை நிறுத்துங்க. இப்பவே எமர்ஜென்சிக்குக் கிளம்புங்க."

"ஏனக்கா?" என்று புஷ்பவதி கேட்டார். "போன கிழமை தானே நல்லாயிருக்கெண்டவை."

சியாமளா டாக்சியில் சொன்னார். நத்தை, கரும்பு, முப்பத்தொரு பேர், மூன்றாம் வாரம். சொல்லச் சொல்ல புஷ்பவதி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். உருத்திரமூர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்டார், அந்த ஏழு பேரில் பிழைத்த மூன்று பேரும் எப்போது மருந்தை விட்டார்கள் என்று. மஞ்சள் தெரிந்த அன்றைக்கே என்றார் சியாமளா. அவர் தலையாட்டினார்.

அவர் மருந்தை விட்டபோது மூன்று நாள் பிந்தியிருந்தது. அடுத்த வாரம் கல்லீரல் செயலிழந்தது. நுரையீரல் அந்த நிலையில் இருந்ததால் மாற்றுக் கல்லீரலுக்கான பட்டியலில் அவரைச் சேர்க்க முடியவில்லை. மருத்துவமனைக்குப் போன ஒன்பதாம் நாள் காலை இறந்தார்.

சோதனையை நிறுத்த ஒரு நாள்கூட ஆகவில்லை. அவரை அனுமதித்த மறுநாளே, சனிக்கிழமை என்றும் பாராமல், மற்ற நாற்பது பேரையும் வரவழைத்து இரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்குக் கல்லீரல் கெடத் தொடங்கியிருந்தது. மாத்திரையை விட்டதும் தேறினார்கள். ரஷேல் தெருக்காரரின் மொழிபெயர்ப்பு அடுத்த வாரம் தபாலில் வந்தது. முத்திரையோடு, சுத்தமாக. கணினி கொடுத்ததற்கும் அதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மரண விசாரணை அதிகாரியின் அலுவலகம் எல்லோரிடமும் எழுத்தில் கேட்டது. அலுவலக வழக்கறிஞர் சியாமளாவுக்கு ஒரு மாதிரிக் கடிதம் தந்தார். வழிமுறை, விதிகள், தேதிகள். நபர்கள் செய்தது, நினைத்தது எதுவும் தேவையில்லை என்றார். செலீனும் அந்தச் சந்திப்பில் இருந்தார். வெளியே வந்ததும், இரண்டு வாசகர் விதியை எழுதியது தான்தான் என்று தன் கடிதத்தில் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மற்ற மொழிகளுக்கும் இரண்டாம் வாசகர் வைக்கப் பணம் ஒதுக்கும்படி கேட்டிருக்கிறார்; பதில் வரவில்லை. சியாமளாவின் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. புதுப்பிக்கப்படுமா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சியாமளா மாதிரியை ஒதுக்கிவிட்டுத் தானே எழுதினார். பிரெஞ்சில் மூன்று பக்கம். தன் கட்டுரை என்று தெரிந்தே கழித்தது, ஏழாம் பக்கத்தில் குரல் நின்றது, பிறகு காத்திருந்த பதினெட்டு நாள். அதையே தமிழிலும் எழுதி எடுத்துக்கொண்டு, ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா அவென்யூவுக்குப் போனார். அனுப்புவதற்கு முன் புஷ்பவதி பார்க்க வேண்டும் என்று நினைத்தார்.

இந்த முறை கேத்தல் போடப்படவில்லை. புஷ்பவதி கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஏழாம் பக்கம் என்று வந்த இடத்தில் விரல் நின்றது.

"அப்பவே தெரியுமோ?"

"தெரியும்."

"அவர் உங்களைக் கேட்டவரெல்லோ. அண்ணனெண்டால் என்ன செய்வியள் எண்டு."

"ஆமா."

கீழே மீன்கடையில் யாரோ ஐஸ் கொட்டும் சத்தம் கேட்டது. புஷ்பவதி மீதியையும் படித்து முடித்தார். தாள்களை ஒழுங்காக அடுக்கினார்.

"இதிலை ஒண்டு இல்லை" என்றார். "நான் அண்டைக்கே எங்கடை விலாசம் சொன்னனான். மீன்கடை, ரெண்டாம் மாடி. தேத்தண்ணிக்கு வாங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னனான். நாலாம் நாள் நீங்கள் வந்திருந்தாலும் அவர் குளிசையை நிப்பாட்டியிருப்பார். நான் நிப்பாட்டப் பண்ணியிருப்பன். வீடு தெரியாமலோ நீங்கள் இருந்தனீங்கள்?"

"தெரியும்."

"அப்ப அதையும் எழுதுங்கோ."

சியாமளா பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேல் கொஞ்சம் இடம் இருந்தது. வீட்டு முகவரி எனக்கு முதல் நாளே தெரியும் என்று தமிழில் எழுதினார். புஷ்பவதி அதைப் படித்துப் பார்த்தார். பிறகு பிரெஞ்சுப் பிரதியையும் கேட்டு வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாளில் அதே இடத்தைக் காட்டினார். சியாமளா அதிலும் எழுதினார். புஷ்பவதி இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டிலும் புதிதாக ஒரு வரி இருப்பதைச் சரிபார்த்துவிட்டு, பிரெஞ்சுப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்.